இரட்டைக் குவளையும் இரட்டை அளவுகோலும்: கொடைக்கானல் பாடிய பாட்டு

2015 ஜூலை 30. யூடியூபில் சுமார் மூன்று நிமிடம் ஓடும் ஒரு பாட்டு வெளியானது. ‘கொடைக்கானல் வோன்ட்’ என்பது அதன் பெயர். செய்த கேட்டுக்குப் பரிகாரம் செய்யாதவரை கொடைக்கானல் விடப்போவதில்லை என்பது அதன் சாரம். பாடியவர் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். மெட்டு, அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ பாட்டின் மெட்டு. பாட்டு சுட்டிக் கேட்டது யூனிலீவர் என்ற பன்னாட்டு நிறுவனத்தை. ஊர் ஊராகப் பெட்டிக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டும், சலவை சோப்பும், முகத்துக்குப் போடும் கிரீமும் விற்கிற அதே நிறுவனம்.

சில நாட்களில் பத்து லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள். மெட்டுக்குச் சொந்தக்காரரான நிக்கி மினாஜே தன் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். நிறுவனத்தின் உலகத் தலைமை அதிகாரி பால் போல்மன் பதில் சொல்ல வேண்டி வந்தது. தீர்வுக்காகப் பல ஆண்டுகளாகவே உழைத்து வருகிறோம், உணர்ச்சியைவிட உண்மைத் தகவல்களே தேவை என்ற பொருளில் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில், ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்காக நிறுவனம் உடன்பாட்டில் கையெழுத்திட்டது.

‘ஒரு பாட்டால் என்ன ஆகிவிடும்?’ என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. ‘ஒரு பாட்டே எல்லாவற்றையும் செய்துவிட்டது’ என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே முழு உண்மை இல்லை. பாட்டுக்கு முன்னால் பதினான்கு ஆண்டு அலைச்சல் இருந்தது. பாட்டுக்குப் பின்னாலும் மண்ணில் பாதரசம் இருந்தது. இந்தக் கதையைத் தலித் மக்களின் வாழ்வைப் பேசும் இந்தப் பக்கத்தில் ஏன் எழுதுகிறோம் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

மலைக்கு வந்த ஆலை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. செஸ்ப்ரோ பாண்ட்ஸ் என்ற நிறுவனத்துடையது. அங்கிருந்த இயந்திரங்கள் 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்தன. செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலையை ஒட்டிய மேட்டில் ஆலை எழுந்தது. கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து மலையேறி வரும். செய்து முடித்த தெர்மாமீட்டர் மலையிறங்கி வெளிநாடு போகும். நம் மலையில் மிஞ்சியது வேலையும், அந்த வேலையின் கழிவும்.

1987-ல் செஸ்ப்ரோ பாண்ட்ஸ் நிறுவனத்தை உலக அளவில் யூனிலீவர் வாங்கியபோது கொடைக்கானல் ஆலையும் அதோடு கைமாறியது. பின்னாளில் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. இன்று அதன் பெயர் இந்துஸ்தான் யூனிலீவர்.

கொடைக்கானலில் அன்று நிலையான வேலை என்பது அரிது. சீசனுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பிய கூலி, பழத்தோட்டக் கூலி, மரம் வெட்டும் கூலி, இவ்வளவுதான். மாதச் சம்பளம் தரும் ஆலை என்றால் இளைஞர்கள் ஓடித்தான் போவார்கள். போனார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் நிரப்புவது, சூடு காட்டுவது, உடைந்ததைக் கூட்டி அள்ளுவது என்று பல பிரிவுகளில் வேலை செய்தார்கள்.

பாதரசம் மற்ற உலோகங்களைப் போலக் கட்டியாக இருக்காது. சாதாரண வெப்பத்திலேயே நீர்போல ஓடும். கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போய் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் மூளையையும் தாக்கும். கை நடுங்கும், ஈறு வீங்கும், பல் ஆடும், தூக்கம் கெடும், மறதி வரும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் அது போய்ச் சேரும். நீர்நிலையில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீன் வழியாக மனிதர் தட்டுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டா என்ற கடலோர ஊரில் சிசோ என்ற ரசாயன ஆலையின் கழிவால் மீனவக் குடும்பங்கள் சீரழிந்தது 1956-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயரால்தான் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2013-ல் உருவானது. இந்தியா அதை 2018-ல் ஏற்று உறுதி செய்தது.

கொடைக்கானலில் ஆலை ஓடிய காலத்தில் இதெல்லாம் உலகம் அறிந்த சேதிதான். ஆனால் ஆபத்து என்ன என்று யாரும் விளக்கவில்லை, தகுந்த பாதுகாப்பு தரவில்லை, வேலை உடுப்பை வீட்டுக்கே கொண்டுபோய்த் துவைத்தோம் என்பது தொழிலாளர்கள் சொன்ன குற்றச்சாட்டு. உரிய பாதுகாப்பு முறைகள் இருந்தன, வேலையால் யாருடைய உடல்நலமும் கெட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பது நிறுவனம் தொடர்ந்து சொல்லிவந்த பதில்.

காயலான் கடையில் வெளிப்பட்ட உண்மை

இந்தக் கதையை வெளியே கொண்டுவந்த இடத்தைக் கவனியுங்கள். ஆலையின் உள்ளேயோ அரசு அலுவலகத்திலோ அது வெளிப்படவில்லை. மூஞ்சிக்கல் பகுதியில், மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் இருந்த ஒரு பழைய இரும்புக் கடையில் வெளிப்பட்டது. 2001 மார்ச் 7 அன்று ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அங்கே குவிந்து கிடந்த உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடியை நாட்டுக்குக் காட்டினார்கள். டன் கணக்கில், பாதரசம் ஒட்டிய கண்ணாடி. சாக்குகள் கிழிந்து சிதறிக் கிடந்தன. ஆலை அந்த மாதமே நின்றது. பிறகு திறக்கவே இல்லை.

2003-ல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. வளரும் நாட்டில் கொட்டிய நச்சுக் கழிவைப் பணக்கார நாட்டுக்கே திருப்பி அனுப்ப வைத்தது சாதாரண வெற்றி இல்லை. ஆனால் சாக்கில் கட்டி அனுப்ப முடிந்தது அவ்வளவுதான். மண்ணில் இறங்கியதையும், சோலைக்குள் வழிந்ததையும், மனித உடம்புக்குள் போனதையும் எந்தக் கப்பலில் ஏற்றுவது?

2006-ல் முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். மருத்துவ உதவி, இழப்பீடு, பொறுப்பேற்பு ஆகியவை அவர்கள் கேட்டவை. அதே ஆண்டு, அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்து அறிவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அது பதிவு செய்தது. 2011-ல் மத்திய தொழிலாளர் துறை அமைத்த நிபுணர் குழு, வேலைச் சூழல் தொழிலாளர்களின் உடல்நலத்தைப் பாதித்திருப்பதற்கு முதல்நிலை ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. இந்திய நிபுணர் நிறுவனங்கள் செய்த வேறு ஆய்வுகளைத் தனக்கு ஆதரவாகக் காட்டியது.

வழக்கு நடந்தது. வாய்தா வந்தது. கொடைக்கானலிலிருந்து சென்னைக்கு ஒருமுறை போய்வர ஒரு கூலித் தொழிலாளிக்கு எத்தனை நாள் சம்பளம் போகும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெட்டு யாருடையதோ, பாட்டு நம்முடையது

2015-ல் வந்த பாட்டை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக மனுவிலும் ஆய்வறிக்கையிலும் வழக்குக் கட்டிலும் கிடந்த செய்தியை ஒரு இளம்பெண் ஆடிப் பாடிச் சொன்னார்.

அதற்கு அவர் பிடித்த வழி நமக்குப் புதியதல்ல. தெரிந்த சினிமா மெட்டில் தேர்தல் பாட்டுக் கட்டுவதை எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறோம். நடவு வயலில் பழைய மெட்டுக்குப் புதிய வரி போட்டுப் பண்ணையாரைக் கிண்டல் செய்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். சாவு வீட்டில் கானாப் பாடகர் செய்வதும் அதுவே. மெட்டு முன்பே மனதில் உட்கார்ந்திருப்பதால் கேட்பவர் கவனம் முழுவதும் சொல்லின் மேல் போகிறது. ‘அனகோண்டா’ மெட்டும்கூட 1992-ல் வந்த இன்னொரு ராப் பாட்டிலிருந்து எடுத்துக் கையாண்டதுதான். கைமாறிக் கைமாறி அது கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது.

பாட்டு ஆங்கிலத்தில் இருந்ததற்கும் காரணம் உண்டு. யார் காதில் விழ வேண்டுமோ அவர் மொழியில் பாடினார்கள். அதன் இலக்கு லண்டனிலும் மும்பையிலும் இருந்த நிறுவனத் தலைமையும், அந்த நிறுவனத்தின் பொருளை வாங்கும் நகரத்து இளைஞர்களும். ‘ஜட்கா’ என்ற அமைப்பு பாட்டோடு சேர்த்து ஒரு கோரிக்கை மனுவை வைத்தது. பார்த்தவர்கள் பார்த்ததோடு போகாமல் கையெழுத்துப் போட்டார்கள். நிறுவனத்தின் நல்ல பெயர்தான் அதன் பெரிய சொத்து. வழக்கறிஞரை வைத்து வாய்தாவை நீட்டலாம். வாடிக்கையாளர் முகம் சுளிப்பதை நீட்டிக்க முடியாது.

அதே வேளையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். 2001-ல் தொடங்கி ஆவணம் சேர்த்து, மருத்துவச் சீட்டுகளை அடுக்கி, சங்கத்தை உடையாமல் காத்தவர்கள் தொழிலாளர்கள். அவர்களோடு நின்றவர்களில் நித்யானந்த் ஜெயராமன் போன்ற சூழலியல் எழுத்தாளர்கள் உண்டு. பாட்டுக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது என்றால், அந்தக் கதையை ஆதாரத்தோடு கட்டி வைத்தவர்கள் இவர்கள். ஆதாரம் இல்லாத பாட்டு நான்கு நாள் சுற்றிவிட்டு மறைந்திருக்கும்.

2016 மார்ச்சில் உடன்பாடு வந்தபோது, இது மனிதாபிமான அடிப்படையில் தரும் உதவி என்றது நிறுவனம். தொகை எவ்வளவு என்பது பொதுவில் வைக்கப்படவில்லை. குற்றம் ஒப்புக்கொள்ளப்படவும் இல்லை. ‘உன் உரிமை’ என்று கொடுப்பதற்கும், ‘பாவம், வைத்துக்கொள்’ என்று கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் சேரியில் பிறந்த எவருக்கும் புரியும். ஆனாலும் பதினைந்து ஆண்டு காத்திருந்த நோயாளிக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. வாங்கியவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது பாட்டு எழுப்பிய கேள்வி

மனிதருக்கு உடன்பாடு ஆயிற்று. மண்ணுக்கு?

2018-ல் இன்னொரு பாட்டு வந்தது. ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’. இப்போதும் விடமாட்டோம் என்று பொருள். இம்முறை சோஃபியா அஷ்ரஃபோடு கர்நாடக இசைக் கலைஞர் டி.எம்.கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்தார்கள். இயக்கியவர் முன்னவரே. இதற்கு முந்தைய ஆண்டுதான் எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ கிருஷ்ணாவின் குரலில் வந்திருந்தது. அதை எழுதியவர் கபேர் வாசுகி. வசைச் சொல்லாகிப்போன ‘புறம்போக்கு’ என்ற சொல்லைப் பொது நிலம் என்ற அதன் பழைய பொருளுக்கு மீட்டெடுத்த பாட்டு அது.

இரண்டாவது கொடைக்கானல் பாட்டு கேட்ட கேள்வி அளவைப் பற்றியது. ஆலை நின்ற மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவுகோலை வைத்து வேலை செய்ய நிறுவனம் அனுமதி பெற்றது. இந்த இடத்தை ஆராய்ந்து, வல்லுநர்களும் அரசு அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட அளவு அது என்றது நிறுவனம். போராடியவர்கள் கேட்டது இதுதான்: நிறுவனத்தின் தாய்நாடான பிரிட்டனில், குடியிருப்பு நிலத்தில் உலோகப் பாதரசத்துக்கு வழிகாட்டும் அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம். அங்கே ஒன்று என்றால் இங்கே ஏன் இருபது? ஆலைக்குக் கீழே இருப்பது காடு. அந்தச் சரிவிலிருந்து இறங்கும் பாம்பார்தான் கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கம் வராக நதியில் சேர்ந்து, வைகைக்குப் போகிறது. மேலே விட்டதைக் கீழே இருப்பவர் குடிக்க வேண்டியிருக்கிறது.

நிறத்தை வைத்தும் நாட்டை வைத்தும் ஒரு மக்களுக்கு மட்டும் தரம் குறைந்த பாதுகாப்பு தருவதைச் சூழலியல் இனவெறி என்று உலகம் சொல்கிறது. நமக்கு அந்தச் சொல் தேவையில்லை. நமக்குத் தெரிந்த பெயர் இருக்கிறது: இரட்டைக் குவளை.

டீக்கடையில் ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்காரருக்குத் தனியாகத் தொங்கும் குவளை. டீ ஒன்றுதான், காசும் ஒன்றுதான். குடிக்கும் உதடு எது என்பதைப் பார்த்துக் குவளை மாறும். பிரிட்டன் மண்ணுக்கு ஓர் அளவு, கொடைக்கானல் மண்ணுக்கு ஓர் அளவு என்பதும் அதே கணக்குத்தான். இங்கே குவளைக்குப் பதில் எண்.

இந்தப் பக்கத்தில் ஏன்?

தொழிலாளர்கள் கட்டியது சாதிச் சங்கமல்ல. வேலையால் ஒன்றுபட்டவர்களின் சங்கம் அது. அதைத் தலித் சங்கமாக மாற்றிச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் ஆபத்தான வேலையும் அழுக்கும் எந்தத் திசையில் போகும் என்பதை இந்த நாட்டில் தீர்மானிப்பது எது என்று நமக்குத் தெரியும். கோவையின் குப்பை வெள்ளலூருக்குப் போகிறது. வடசென்னையின் குப்பை கொடுங்கையூரில் மலையாகிறது. சாக்கடைக் குழியில் மனிதரை இறக்குவதை 2013-ல் சட்டம் தடுத்த பிறகும் மரணச் செய்தி நிற்கவில்லை. இறங்குபவர் யார் என்பதை நாம் விசாரிக்க வேண்டியதில்லை. சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்று 1936-லேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். ஆலை புதியதாக இருக்கலாம். அடுக்கு பழையது. உடைந்த கண்ணாடியை வெறும் கையால் பிரித்தெடுக்கும் வேலை கடைசியில் எந்தப் படியில் இருப்பவரிடம் வந்து சேரும் என்பதை அந்த அடுக்கே முடிவு செய்கிறது.

பழனி மலையின் கதையும் அடுக்குகளின் கதைதான். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டியபோது அது யாருமில்லாத மலை இல்லை. பளியரும் புலையரும் இருந்தார்கள். நிலம் வைத்திருந்த குடிகளிடம் புலையர் மக்கள் பண்ணையடிமைகள்போல உழைத்ததை 1906-ல் வெளியான பழைய மதுரை மாவட்ட கெசட்டியர் பதிவு செய்திருக்கிறது. மோட்டார் சாலை வரும்வரை துரைமாரையும் அவர்கள் மூட்டைகளையும் தோளில் சுமந்து மலையேற்றியவர்கள் கூலிகள். அந்த மலைப் புலையர்களின் பிள்ளைகள் இன்றும் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டமும் இந்த மலைக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பங்கள். நீலகிரிக்குப் போனவர்கள் போக, ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைக்கு வந்து யூகலிப்டஸ் வெட்டவும், தோல் பதனிடப் பயன்படும் சீகைப் பட்டை உரிக்கவும் ஒப்பந்தக்காரர்களிடம் சேர்ந்தார்கள். முன்பணத்தில் மாட்டிக் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள் 1980-களில் மீட்கப்பட்டது உண்டு.

பாட்டியின் கதை, பேரனின் பாட்டு

இந்த இரண்டாவது கூட்டத்தின் கதைதான் உலகம் முழுவதும் ஒலித்த இன்னொரு பாட்டுக்குள்ளும் இருக்கிறது. 2021 மார்ச் 7 அன்று ‘மாஜா’ வெளியிட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’. பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அரக்கோணத்துக்காரரான தெருக்குரல் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அதில் எழுதினார். பாட்டியும் அந்தப் படத்தில் தோன்றினார். காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டவருக்குத் தொண்டை காய்ந்துதான் கிடந்தது என்ற உண்மை, சின்னக் குழந்தைகள்கூடக் குதித்துப் பாடும் பாட்டாக வந்தது.

அந்தப் பாட்டைச் சுற்றி எழுந்த கேள்வியும் நமக்கு முக்கியம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பிரபல இசைப் பத்திரிகை தன் அட்டையில் அறிவை விட்டுவிட்டது. இயக்குநர் பா.ரஞ்சித் உள்படப் பலர் கண்டித்த பிறகு அறிவின் படத்தோடு இணைய அட்டை வந்தது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு மேடையேறியபோதும் உரிமை யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. மற்ற கலைஞர்கள் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பதை அளக்க நாம் உட்காரவில்லை. ஆனால் வலி ஒருவருடையதாகவும் முகம் இன்னொருவருடையதாகவும் ஆகிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கொடைக்கானல் பாட்டுக்கும் இது பொருந்தும். பாடகியின் பெயர் உலகத்துக்குத் தெரியும். 591 பேரின் பெயர் யாருக்குத் தெரியும்?

இதைச் சொல்வதால் சோஃபியாவையோ கிருஷ்ணாவையோ சிறுமைப்படுத்துகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். பிறர் வலிக்குத் தன் குரலைத் தருவது பெரிய காரியம். 2016-ல் கிருஷ்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்த அதே மேடையில், கையால் மலம் அள்ளும் கொடுமையை எதிர்த்த பெஜவாடா வில்சனுக்கும் அதே விருது கிடைத்தது. இசையும் துடைப்பமும் ஒரே மேடையில் நின்றன. அப்படி நிற்கும்போதுதான் இரண்டுக்கும் மதிப்பு.

மாணவர்களுக்குச் சில சொற்கள்

இதைப் படிக்கும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளில் பலர் கையில் செல்போன் இருக்கிறது. பலருக்குப் பாட்டுக் கட்டவும் வரும். ஊரில் ஆலைக் கழிவோ தோல் தொழிற்சாலை நீரோ குப்பைக் கிடங்கோ இருந்தால் பாட்டு எழுதுங்கள். அதற்கு முன் நான்கு வேலை செய்யுங்கள்.

முதலாவது, ஆதாரம். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்கலாம். அந்த ஆலைக்கு என்ன அனுமதி, கழிவு எங்கே போகிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

இரண்டாவது, கிராம சபை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் கூடும் சபையில் எழுந்து நின்று பேசுங்கள். பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். சேரியின் குடிநீர்க் கேள்வி அந்தப் புத்தகத்தில் ஏறாமல் போவதே வழக்கம்.

மூன்றாவது, பாதிக்கப்பட்டவரின் அனுமதியும் பெயரும். ஒருவரின் நோயைப் படமெடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதைப் பாட்டாக்கினால் அவருக்குப் பாடிக் காட்டுங்கள். பெயர் போட விரும்பினால் முதலில் அவர் பெயரைப் போடுங்கள்.

நான்காவது, எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது என்பதையும் படியுங்கள். கொடைக்கானல் பாட்டு நிலைத்ததற்குக் காரணம், நிறுவனம் மறுத்த இடத்தில் எல்லாம் எடுத்துக் காட்ட ஆவணம் இருந்ததுதான்.

வீட்டுக்கு ஒரு குறிப்பும் சொல்லிவிடுவோம். பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இன்னும் சில வீடுகளில் இருக்கும். உடைந்தால் உருளும் வெள்ளி மணிகளைப் பிள்ளைகள் விளையாட்டாகக் கையில் எடுப்பார்கள். விடாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் அது இன்னும் சிதறும். கையுறையோ பையோ கையில் மாட்டிக்கொண்டு, தடித்த அட்டையால் ஒன்று சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். காயலான் கடைக்குப் போடாதீர்கள். அங்கே அதைக் கையால் பிரிக்கப்போவதும் நம்மில் ஒருவர்தான்.

பறை ஒரு காலத்தில் சாவுக்கு அடிக்கச் சொல்லி நம் தோளில் மாட்டப்பட்டது. அதே பறையை உரிமைக்கு அடிக்கிற கருவியாக மாற்றியவர்கள் நம் மக்கள். ராப்பும் அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தெருவில் பிறந்த கலைதான். ஆனால் பறையானாலும் ராப்பானாலும் அதன் வேலை கேட்க வைப்பது. கேட்ட பிறகு நடக்க வேண்டியவற்றை நடத்துவது, மனு எழுதுவதும் சங்கம் கட்டுவதும் சாட்சி சொல்வதும்தான். கொடைக்கானல் தொழிலாளர்கள் மெட்டு இல்லாமலே பதினான்கு ஆண்டு அதைச் செய்தார்கள். அந்த உழைப்புக்கு ஒரு மெட்டு கிடைத்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. இங்கும் அங்கும் மண்ணுக்கு ஒரே அளவு என்று ஆகும்வரை பாட்டும் நிற்க வேண்டியதில்லை, மனுவும் நிற்க வேண்டியதில்லை.